யாருக்கு மனநலம்

அந்த வீட்டில் மனநலம் என்பது ஒரு வியாதியின் பெயர். சிரிக்காதீர்கள். எதிர்வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னால், அவர் மூட்டை கட்டி வைத்திருக்கிறார் என்றா நினைக்கிறோம்? அது மாதிரிதான் இதுவும். பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் 'மனநலப் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்தது. அந்தப் பலகைக்குக் கீழே போய் வருகிறவனுக்கு வந்திருப்பது மனநலம். மருந்துக் கடைக்காரர் அப்படித்தான் சொன்னார், மாடிவீட்டு அம்மாளும் அப்படித்தான் சொன்னாள். "உங்க கொழுந்தனுக்கு மனநலமாமே, இப்போ எப்படி இருக்கு?" என்று யாராவது படியில் நிறுத்திக் கேட்டால், "இப்போ ரொம்பக் குறைஞ்சிருக்குங்க" என்று அந்த வீட்டுக்காரியும் வாய் நிறையப் பதில் சொல்லுவாள்.

அவள் கண்ணாடி பாட்டில் செய்கிற தொழிற்சாலையில் லைட்டுக்காரி. வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக ஓடும். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பில் சில்லு, உடம்பில் குமிழி, அடியில் மயிரிழை விரிசல், எது கண்ணில் பட்டாலும் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தொட்டியில் போட்டுவிட வேண்டும். உடைந்ததெல்லாம் மறுபடி உலைக்குப் போகும். பேசத் தடையில்லை, பெல்ட்டிலிருந்து கண்ணை எடுக்கத்தான் கூடாது. அதனால் அங்கே பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமலேயே குடும்பக் கதை முழுவதையும் பேசித் தீர்ப்பார்கள். பக்கத்து ஸ்டூல்காரி அழுகிறாளா என்பது அவள் மூக்கை உறிஞ்சினால்தான் தெரியும். குறை தெரிந்தால் கழிவு, தெரியாவிட்டால் நல்லது. இந்த ஒரு சட்டத்திலேயே அவள் காலம் ஓடியது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் விடாது. தட்டைக் கழுவினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். மனுஷர்களையும் கொஞ்சம் அப்படித்தான் பார்ப்பாள்.

கொழுந்தனுக்கு ரேடியோ என்று பட்டப்பேர். அவனே தனக்கு வைத்துக்கொண்டது. அவளுக்குக் கல்யாணமாகி வந்த புதிதில், காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று வேலை செய்த இடத்திலிருந்து செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தான். அப்புறம் ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. பெயர் வைத்த நோய்தான், பெரிய டாக்டர் சொன்ன அந்தப் பெயர் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. இப்போது மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறான். குரல் முழுசாக நின்றபாடில்லை. "என் ரேடியோவுல பக்கத்து ஸ்டேஷனும் சேர்ந்து பிடிக்குது அண்ணி, சத்தத்தைக் கம்மியா வெச்சிருக்கேன்" என்பான். சலவைக்கூடத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் விட்டு மடிக்கிற வேலை அவனுக்கு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனை பிடித்து மடிக்க வேண்டும். அவனோடு ஜோடி சேர அங்கே அடிதடி. கதை சொல்லுவான், பாடுவான், எதிரில் நிற்பவன் கை ஓய்ந்தால் பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். வீட்டுக்கு வந்தால் சமையலும் அவன்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே தலையை ஒரு பக்கம் சாய்த்து, "கொஞ்சம் சும்மா இரு, குழம்புக்கு உப்புப் போடணும்" என்று காதுக்குள் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, உப்பைச் சரியாகப் போடுவான்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு சொட்டுக் குறை சொல்ல முடியாத மனுஷன். குடி இல்லை, சீட்டு இல்லை, குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள், போய்ச் சரி பண்ணாமல் திரும்பியதும் கிடையாது. கொஞ்ச காலமாகப் பேச்சு மட்டும் குறைந்திருந்தது. சாப்பிடுவார், ஆனால் நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை வராது. முன்பெல்லாம் லீவு நாளில் சைக்கிளைப் பாகம் பாகமாகக் கழற்றித் துடைத்து மாட்டுவார். இப்போது அது படிக்கட்டுக்கு அடியில் டயர் இறங்கிக் கிடந்தது. ஏங்க என்றால், "ம்" என்பார். வயசாகிறதில்லையா என்று அவளே காரணம் சொல்லிக்கொண்டாள். அவருக்கு அவளே காரணம் சொல்லிக்கொள்வது என்பது அந்த வீட்டில் நெடுநாள் பழக்கம்.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், ரேடியோ இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவர் பாதி சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு முடியல" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனை எங்கயாவது சேர்த்துடலாம். நல்ல இடமாப் பார்த்து."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பிள்ளை இல்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை மாதிரி. அந்த அதிர்ச்சியில் அவள் காதில் நின்றது பின்னால் சொன்ன பேச்சு மட்டும்தான். முன்னால் சொன்ன "எனக்கு முடியல" என்பதை, தம்பியைச் சுமந்து அலுத்துப்போன அண்ணன் சொல்கிற சொல்லாக எடுத்துக்கொண்டாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவன் என்ன தொந்தரவு பண்ணினான் என்று கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை என்றார். அக்கம்பக்கத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா? இல்லை. அப்புறம் என்னதான் என்று அவள் குரல் உடைந்து கேட்டபோது, "எந்நேரமும் சிரிக்கிறான்" என்றார்.

இதைக் கேட்டால் யாருக்குத்தான் தலை சுற்றாது? மனநலக்காரன் சிரித்தால் அது முற்றின அறிகுறியோ என்னவோ என்று அவளுக்கு ராத்திரி முழுக்கக் கலக்கம். மறுநாள் லைட்டுக்கு முன்னால் வாய்விட்டுக் கேட்டாள். சும்மா சிரித்தால்தான் உஷாராக இருக்க வேண்டும் என்றாள் வலது பக்கத்துக்காரி. போடி, சிரிக்காமல் இருந்தால்தான் உஷாராக இருக்க வேண்டும் என்றாள் இடது பக்கத்துக்காரி. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்த இழுப்பில், விரிசல் விட்ட பாட்டில்கள் அவள் கண்ணெதிரிலேயே ஓடிப் போயின. சூப்பர்வைசர் வந்து, என்னம்மா, தூக்கமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் இல்லம் இருந்தது. இந்த மாதிரி ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம், சுத்தமான இடம் என்று பேர். ஆனால் ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று சொன்னால்தான் சேர்த்துக்கொள்வார்கள். ரேடியோவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் இரண்டு நாள் மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவனே கேட்டுவிட்டான். அன்றைக்கு வேலை முடிந்து படியேறும்போதே அண்ணன் பேசியது காதில் விழுந்ததாம். "என் காதுல நிஜமாவே பேசறதும் சில சமயம் விழும் அண்ணி" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அண்ணனுக்கு நிம்மதி என்றால் போகிறேன் என்றான். கரண்டியைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்கியது. மாத்திரை போடுகிறவர்களுக்குக் கை நடுங்கும் என்று அவள் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டர் வேறு. கேள்வி கேட்டு, படம் காட்டி, பேசவிட்டு, மனசை அளந்து பார்க்கிற அம்மாள் வேறு. வீட்டில் அவருக்குப் பரீட்சையம்மா என்று பேர். ஒல்லியான உருவம், சிரிக்கும்போதும் கவனிக்கிற கண். ஒருவரை மட்டும் பார்த்துச் சொல்ல மாட்டேன், வீட்டில் இருக்கிற மூன்று பேரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மூவரும் குளித்துத் தலை சீவி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். பரீட்சையம்மா முதலில் பெரியவரைப் பார்த்து, உங்க மனநலம் எப்படி இருக்கு என்று கேட்டார்.

"எனக்கு அதெல்லாம் கிடையாதுங்க" என்றார் அவர் மரியாதையாக. "தம்பிக்குத்தான் மனநலம்."

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறாரோ என்று நினைத்திருக்க வேண்டும். ரேடியோ மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை, விளங்காததால் பயந்தாள்.

அப்புறம் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ரேடியோ சீக்கிரம் வந்துவிட்டான், அவளும் வந்துவிட்டாள். பெரியவர்தான் வெகுநேரம் வரவில்லை. நல்லா இருக்கிற மனுஷனிடம் இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. ஏசி காற்று என்றார். பஸ்ஸில் திரும்பும்போது, ஒரு மாசம் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினார். நல்ல அம்மா, பொறுமையாகக் கேட்டார்கள் என்றார். கடைசியாக எப்போது சந்தோஷமாக இருந்தீர்கள் என்று கேட்டார்களாம், யோசித்துப் பார்த்து ஞாபகம் வரவில்லை என்று சொன்னாராம். இறங்குகிற இடத்தில் கம்பியைப் பிடித்தபடி, "என்னன்னு கண்டுபிடிச்சுடுவாங்க இல்ல?" என்று கேட்டார். தம்பியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, கண்டுபிடிச்சுடுவாங்க என்று அவள் அழுத்திச் சொன்னாள். அன்றைக்கு அவர் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

முடிவு கேட்க அவள் தனியாகப் போனாள். வேலை முடிந்த களைப்பு, கண்ணுக்குள் இன்னும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஊற்றோ ஊற்று என்று மழை. பரீட்சையம்மாவின் அறையில் கூரை ஒழுகி, நாற்காலி மேஜையெல்லாம் தாழ்வாரத்துக்கு வந்திருந்தது. வாளிகள் வைத்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. உள்ளே யாரோ கதவை உதைத்துக்கொண்டிருந்தார்கள், நர்ஸ் வந்து வந்து கூப்பிட்டாள். அந்த அவசரத்தில் நின்றபடியே அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்:

"சின்னவருக்கு நோய் இருக்கு, அது நமக்குத் தெரிஞ்சதுதான். ஆனா மனநலம் நல்லாவே இருக்கு. பெரியவருக்கு நோய்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா மனநலம் ரொம்ப ரொம்பக் குறைவா இருக்கு. அடுத்த வாரம் அவரைத் தவறாம கூட்டிட்டு வாங்க, உக்காந்து பேசணும்."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து, இவளுக்குப் புரிந்துவிட்டது என்று எண்ணிய பரீட்சையம்மா அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே ஓடினார். அவளுக்கா புரியவில்லை? நன்றாகத்தான் புரிந்தது, அவள் பாஷையில். சின்னவனுக்கு நோயும் இருக்கிறது, மனநலமும் நல்லாவே இருக்கிறது. அதாவது நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. பெரியவருக்கு நோயே இல்லை, மனநலம் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தாலும் ரொம்ப ரொம்பக் குறைவு. தவறாமல் கூட்டிவரச் சொன்னது சின்னவனைத்தான், இல்லத்துக்கு அனுப்பத்தான். குடையை விரிக்க மறந்து, நனைந்துகொண்டே பஸ் நிறுத்தம் வரை நடந்தாள்.

வீட்டில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வாசலில் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் அப்படி எழுந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். அவனுக்கு நல்லாவே இருக்காம், அடுத்த வாரம் கூட்டிவரச் சொன்னார்கள் என்றாள்.

"எனக்கு?"

"உங்களுக்கென்ன? நோய்னு ஒண்ணுமே கிடையாதாம். மனநலம்கூட ரொம்ப ரொம்பக் குறைவுதானாம்."

"ஒண்ணும் இல்லையா?" என்றார். "நல்லாக் கேட்டியா?"

நல்லாத்தான் கேட்டேன் என்றாள். நல்ல செய்தி சொன்னால் முகம் மலர வேண்டாமா? அவர் மெதுவாக உட்கார்ந்தார். மழையைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வது போலப் பேசினார். இன்று ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம். கோளாறு இருந்தால் போர்டில் ஒரு நம்பர் எரியும், அதை வைத்து எந்த இடம் என்று பிடித்துவிடலாம். இதில் ஒரு நம்பரும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் லிஃப்ட் நகரவில்லை. "நம்பர் காட்டினா சரி பண்ணிடலாம். ஒண்ணும் இல்லன்னு காட்டினா என்ன பண்றது?" என்றார். வீட்டில் இடி விழுந்து கிடக்கும்போது லிஃப்ட் கதையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவர் அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. தம்பியைப் பிரியப் போகிற துக்கம் என்று அவள் மனசுக்குள் அவருக்காக இரக்கப்பட்டாள். அவரே கேட்ட பிரிவுக்கு அவரே துக்கப்படுவது என்ன நியாயம் என்று அடுத்த நிமிஷம் கோபமும் பட்டாள். எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் அந்த வாரம் போயிற்று.

ரேடியோதான் பையைக் கட்டினான். நான்கு சட்டையையும் சலவைக்கூடத்து மடிப்பில் மடித்து அடுக்கினான். குழம்புக்கு என்ன, எவ்வளவு, எப்போது என்று அவளுக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தான். அவனுக்குச் சமையல் கற்றுக் கொடுத்தவளுக்கே பாடமா என்று அவள் சிரிக்கப் போய் அழுதாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே துணி மடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்க வேண்டும் என்றான். "அவங்களும் என்கூட வரப்போறாங்க, டிக்கெட் எடுக்காம" என்று காதைக் காட்டினான். அழுகிறவளைத் தேற்ற அவனுக்கு வேறு வழி தெரியவில்லை, பாவம்.

பரீட்சையம்மா அவனைப் பார்த்தார், தோளில் தொங்கிய பையைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"பெரியவர் எங்க?"

"வேலைக்குப் போயிருக்காருங்க. இவனைத்தானே கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"

அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அன்றைக்கு நான் என்ன சொன்னேன், நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று பொறுமையாக விசாரித்தார். அவள் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். சொல்லச் சொல்ல அந்த அம்மாள் முகம் மாறியது. கடைசியில் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, தப்பு என்மேல்தான், நின்றுகொண்டு சொல்லியிருக்கக் கூடாது என்றார். அப்போதும் அவளுக்கு விளங்கவில்லை. ரேடியோதான் அவள் பக்கம் குனிந்தான்.

"அண்ணி, லெட்டர் எழுதினா 'இங்கு அனைவரும் நலம்'னு எழுதுவோமே. அந்த நலம்தான் இது. நலம் குறைஞ்சா நல்லதா?"

நலம். எத்தனையோ தடவை எழுதின சொல். அது இந்தக் கட்டடத்துக்குள் வந்து எப்படி வியாதியாயிற்று என்று யாருக்குத் தெரியும்? "உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள். அன்றைக்கு அண்ணன் தனக்கு மனநலமே கிடையாது என்று சொன்னபோதே சிரிப்பு வந்துவிட்டது என்றான். ஆனால் அது நிஜம் என்று தனக்கும் தெரியாது என்றான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

"அப்போ இவனுக்கு நோய் இருக்கு, நல்லா இருக்கான். அவருக்கு நோய் இல்ல, நல்லா இல்ல. இது என்னம்மா கணக்கு?"

"மழை இல்லன்னா வெயில் அடிக்குதுன்னு அர்த்தமா?" என்று பரீட்சையம்மா ஜன்னலைக் காட்டினார். மழை விட்டிருந்தது, வானம் மூடிக்கிடந்தது. "நோய் இருக்கா இல்லையான்னு பார்க்கிறது ஒண்ணு. வாழ்க்கையில பிடிப்பு இருக்கா, நாலு பேரோட ஒட்டுதல் இருக்கா, சந்தோஷம் இருக்கான்னு பார்க்கிறது இன்னொண்ணு. ரெண்டையும் தனித்தனியாத்தான் பார்க்கணும்."

"எனக்கு வெயிலடிக்கும்போதே மழையும் பெய்யும், அப்படித்தானே?" என்றான் ரேடியோ.

அந்த அம்மாள் அவனுக்குத் தலையாட்டிவிட்டு, இவரை இல்லத்தில் சேர்க்க எந்த அவசியமும் இல்லை என்றார். பெரியவரைத்தான் பார்க்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தள்ளிப் போடக் கூடாது. நோய் இல்லை என்று அப்படியே விட்டால் ஒரு நாள் நோயில் கொண்டுபோய் விட்டாலும் விட்டுவிடும் என்றார். அவர்கிட்ட என்ன சொன்னீங்க என்று கேட்டார். ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன் என்றாள். அவர் எழுந்து நின்ற நிலையும், நல்லாக் கேட்டியா என்று கேட்ட குரலும் ஞாபகம் வந்தன. குறை தெரியாவிட்டால் நல்லது என்று இத்தனை வருஷம் பாட்டிலைத் தள்ளிவிட்ட மாதிரி அவரையும் தள்ளிவிட்டிருக்கிறாள். பக்கத்திலேயே படுத்துக்கொண்டு.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மேலே மெஷின் ரூமில் இருந்தால் சில சமயம் எடுக்க மாட்டார், அது வழக்கம்தான். வழக்கம் என்று தெரிந்தும் கால் தரிக்கவில்லை. அன்றைக்கு அவர் வேலை பார்த்த கட்டடம் அவளுக்குத் தெரியும். ஆட்டோவில் ஏறினார்கள். போய்ச் சேர்ந்தால், லிஃப்ட் நின்றிருக்கிறது, படியில்தான் போக வேண்டும் என்றான் காவலாளி. பையைக் கீழே வைத்துவிட்டுப் போகவும் தோன்றவில்லை ரேடியோவுக்கு. அவள் இரண்டு மாடிக்கு ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்து நின்றாள். மேலே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் கேட்டால் பயமா, கேட்காவிட்டால் பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மெஷின் ரூம் கதவு திறந்திருந்தது. கிரீஸ் வாடை. சக்கரத்தில் கம்பி வடங்கள் அசையாமல் தொங்கின. அவர் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து, திறந்து கிடந்த போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிபன் பிரிக்காமல் இருந்தது. உயிரோடு, முழுசாக, வழக்கம்போல ஒரு குறையும் சொல்ல முடியாதபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சேர்த்தாச்சா?" என்று கேட்டார். அப்புறம்தான் அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தார்.

அவள் சிமென்ட் தரையில் அவர் காலடியிலேயே உட்கார்ந்தாள். மூச்சு அடங்கக் காத்திருக்கவில்லை. தான் தப்பாகக் கேட்டதை, தப்பாகச் சொன்னதை, நலம் என்றால் நலம்தான் என்பதைத் தாறுமாறாகச் சொன்னாள். ஒரு தடவையில் அவருக்கும் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்.

"நோய் இல்லையாம். ஆனா நீங்க நல்லாவும் இல்லையாம். மனசுல தெம்பு ரொம்ப ரொம்பக் குறைஞ்சு கிடக்காம். உங்களைத்தான் வரச் சொன்னாங்க. நான் இவனைக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

அவர் கையில் இருந்த ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

"எனக்கு என்ன குறைச்சல்னு நானே என்னைக் கேட்டுக்கிட்டேன்" என்றார். "வேலை இருக்கு, நீ இருக்கே. காலையில எழுந்திருக்கணும்னாலே மலையைத் தூக்கற மாதிரி இருக்கு. இவனுக்கு அத்தனை நோய், இவன் பாடறான். எனக்கு ஒண்ணும் இல்ல, என்னால முடியல. இவன் சிரிக்கிறதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலா வந்துச்சு. பொறாமைன்னே வெச்சுக்கோ. தம்பியைப் பார்த்து, அதுவும் இவனைப் பார்த்துப் பொறாமைப்படறவன் என்ன மனுஷன்? அதான் இவன் எங்கயாவது நல்லா இருக்கட்டும்னு நினைச்சேன்."

ரேடியோ பாடாமல் சுவரில் சாய்ந்து நின்றான். காதுக்குள் யாராவது பேசினார்களோ என்னவோ, அவர்களுக்கும் அவன் பதில் சொல்லவில்லை.

"அந்தம்மா நிஜமாவே குறைஞ்சிருக்குன்னா சொன்னாங்க?" என்று அவர் கேட்டார். "அளந்து பார்த்தா சொன்னாங்க?"

"அளந்து பார்த்துத்தாங்க சொன்னாங்க. ரெண்டு தடவை கேட்டேன்."

"அப்போ நான் நடிக்கல" என்றார்.

இல்லைங்க என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கையெல்லாம் கிரீஸ். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரமா, துக்கப்பட வேண்டிய நேரமா என்பதும் தெரியவில்லை. புருஷன் நல்லா இல்லை என்று கேட்டு ஒரு பெண்டாட்டிக்கு மனசு லேசாகுமா? அவளுக்கு லேசாகியது, அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கீழேயிருந்து காவலாளி, லிஃப்ட் எப்போது ஓடும் என்று படிவழியே கத்திக் கேட்டான். அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார். நெற்றியிலும் கன்னத்திலும் கறுப்பாக ஒட்டியிருந்தது. கண்ணைச் சுருக்கித் தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் பையை ஏன்டா இன்னும் சுமந்துக்கிட்டு நிக்கிற?" என்றார். "இறக்கி வை. தோள் வலிக்கப் போவுது."